போரில் கிடைத்த வாளாம்

அமெரிக்கப் பட்டாளக் குடும்பங்களின் பரண்களிலிருந்தும் பழம்பொருள் ஏலங்களிலிருந்தும் பிலிப்பைன்ஸ் வாள்கள் இன்றும் வெளிவந்துகொண்டே இருக்கின்றன. வாளோடு ஒரு கதையும் வரும். கொள்ளுத்தாத்தா பிலிப்பைன்ஸ் போரில் இருந்தாராம். பாய்ந்து வந்த மோரோ வீரன் ஒருவனைச் சுட்டு வீழ்த்தி, அவன் கையிலிருந்ததை எடுத்து வந்தாராம். தமிழில் இந்த ‘ஆம்’ வசதியான விகுதி. சொல்பவர் பொறுப்பேற்காமலே செய்தியைக் கடத்திவிடலாம். கேட்பவருக்கும் அது கேள்விப்பட்ட சங்கதி என்று புரிந்துவிடும். ஆங்கில வினைச்சொல்லில் இப்படி ஒரு விகுதி இல்லை. அதனால் இரண்டு தலைமுறை கழிந்ததும் கேள்விப்பட்டது நடந்ததாக உறைந்து, ஏலப் பட்டியலில் அச்சேறி, சில வேளைகளில் அருங்காட்சியக அட்டைக்கும் போய்விடுகிறது. அந்தச் சின்னக் கதைக்குள் மூன்று கூற்றுகள் ஒளிந்திருக்கின்றன: எந்தப் போர், யாருடைய வாள், எப்படிக் கைமாறியது. மூன்றையும் தனித்தனியே சோதிக்க வேண்டும் என்பதும், சோதனையை இரும்பிலும் மரத்திலும் தொடங்கிக் கதையைக் கடைசியில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பதும் என் கட்சி. வாள் ஊரைவிட்டுப் போன பின் நடந்ததைத்தான் கதை சொல்கிறது. அதற்கு முன் அது எந்த உலையில் அடிக்கப்பட்டது, யார் இடுப்பில் தொங்கியது என்பதற்கு வாளே சாட்சி.

முதலில், எந்தப் போர்? 1898 டிசம்பரில் பாரிஸ் உடன்படிக்கையின்படி ஸ்பெயினுக்கு 2 கோடி டாலர் கொடுத்துத் தீவுகளை அமெரிக்கா எடுத்துக்கொண்டது. 1899 பிப்ரவரியில் பிலிப்பைன்ஸ் குடியரசின் படைகளோடு போர் மூண்டது. 1902 ஜூலை 4 அன்று போர் முடிந்ததாக வாஷிங்டன் அறிவித்தாலும், மோரோ எனப்பட்ட முஸ்லிம்கள் வாழும் தெற்குத் தீவுகளில் சண்டை 1913 வரை நீண்டது. சுலுவில் 1906 மார்ச்சில் புட் டாஜோ எரிமலை வாயில் தஞ்சம் புகுந்திருந்தவர்களில் பெண்கள், குழந்தைகள் உட்பட நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். 1913 ஜூனில் புட் பாக்சாக் மலையில் சண்டை. அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுக் காவல் வாழ்க்கை, 1941 டிசம்பரில் ஜப்பானியப் படையெடுப்பு, 1944 அக்டோபர் 20 அன்று லேத்தே கடற்கரையில் அமெரிக்கப் படை மீண்டும் இறங்கியது, 1946-இல் விடுதலை. விடுதலையோடும் முடியவில்லை. கிளார்க் விமானத் தளம் 1991 வரையிலும் சுபிக் கடற்படைத் தளம் 1992 வரையிலும் அமெரிக்கர் கையில் இருந்தன. ஆக, தொண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாக அமெரிக்கச் சிப்பாய்கள் அந்தத் தீவுகளிலிருந்து வீடு திரும்பியபடியே இருந்திருக்கிறார்கள். ‘போரில் கிடைத்தது’ என்பது இந்த நீண்ட காலத்தின் எந்தப் புள்ளியையும் குறிக்கலாம். போரே இல்லாத ஆண்டுகளையும்தான். தளங்களைச் சுற்றியிருந்த கடைகளில், மரக் கேடயத்தில் சிறு வாள்களை வரிசையாகப் பொருத்தி ‘வெப்பன்ஸ் ஆஃப் மோரோலாண்ட்’ என்று தலைப்பிட்ட சுவர் அலங்காரம் ஒன்று நன்றாக விற்றது. மோரோ ஆயுதப் பெயர்கள் பல அமெரிக்க வீடுகளுக்குள் நுழைந்தது அந்தப் பலகை வழியாகத்தான். அதில் இருப்பவை எந்தப் போரையும் பார்க்காத தகடுகள்.

கைமாறிய விதத்தைப் பற்றிய கூற்று இன்னும் பலவீனமானது. போர்க்களத்தில் பிணத்தின் அருகே கிடந்த வாளை எடுத்தவர்கள் இருந்தார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆயுதங்கள் பெருமளவில் கைவிட்டுப் போனதற்கு ஓர் அரசாணை பெரிய காரணம். மோரோ மாகாணத்தின் ஆளுநராக இருந்த ஜான் பெர்ஷிங், பின்னாளில் முதல் உலகப்போரில் அமெரிக்கப் படைக்குத் தலைமை தாங்கியவர், 1911 செப்டம்பரில் ஆயுதக் களைவு ஆணையைப் பிறப்பித்தார். துப்பாக்கி வைத்திருப்பதோடு, வேலைக்கு உதவும் கருவிகள் நீங்கலாக, வெட்டும் குத்தும் ஆயுதங்களை ஏந்தித் திரிவதும் குற்றமாயிற்று. பாட்டன் வழி வந்த கிரிஸ் வாளை வைத்திருந்த ஒருவர் அதை ஒப்படைக்கலாம், ஒளிக்கலாம், அல்லது விலை கேட்டு நின்ற அதிகாரியிடம் விற்றுவிடலாம். மூன்றும் நடந்தன. இன்னொரு வழி கண்காட்சி. 1887-இல் மாட்ரிட்டில் ஸ்பெயின் நடத்திய பிலிப்பைன்ஸ் கண்காட்சிக்கும், 1904-இல் செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சிக்கும் ஆயுதங்கள் கப்பலில் போயின. செயின்ட் லூயிஸில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிலிப்பினோக்களையே 47 ஏக்கர் நிலத்தில் குடியமர்த்திக் காட்சியாக்கினார்கள். கண்காட்சி முடிந்ததும் பொருள்கள் பல அருங்காட்சியகங்களுக்குப் பிரிந்து போயின. இவை எதிலும் வீரச் சண்டை இல்லை. விலைக்கு வாங்கினேன் என்று பேரனிடம் சொல்வதில் சுவையும் இல்லை. கதை ஏன் போர்க்களத்தை நோக்கியே சாய்கிறது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

யாருடைய வாள் என்ற கூற்றில்தான் வாள் நேரடியாக வாய் திறக்கிறது. ‘மோரோ’ என்பது ஸ்பானியர் தங்கள் பழைய எதிரிகளான வட ஆப்பிரிக்க முஸ்லிம்களின் பெயரைத் தூக்கி வந்து இங்கே ஒட்டியது. அதற்குள் சுலுவின் தௌசுக், லானாவ் ஏரிக்கரையின் மரனாவ், மின்டனாவோ ஆற்றுவெளியின் மகிந்தனாவ் என்று மொழியும் கைவேலையும் வேறுபட்ட மக்கள் இருக்கிறார்கள். இலை வடிவில் அகன்று, ஒரு பக்கம் மட்டும் கூர் கொண்டு, தடித்த முதுகுடன் இருக்கும் பாரோங் வாள் சுலுத் தீவுகளுக்குரியது. அதன் பிடி கொண்டைக்கிளியின் தலைபோல் முடியும். ‘ககதுவா’ என்றே அதற்குப் பெயர். ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளத்தில் நுனியை நோக்கி அகன்றுகொண்டே போவது கம்பிலான். அதன் பிடியின் முடிவு முதலையின் திறந்த வாய்போல் பிளந்திருக்கும். அலகின் நுனியருகே முதுகில் சிறு முள் ஒன்று துருத்தி நிற்கும். அந்த முள் எதற்கென்று ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள், எதையும் நம்பவேண்டிய கட்டாயம் நமக்கில்லை. வடக்கே விசாயா தீவுகளுக்குப் போனால் அலகின் புத்தியே மாறிவிடுகிறது. பனாய்த் தீவின் தெனெக்ரே போன்ற வாள்களில் ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் மட்டும் சரிவாகவும் சாணை பிடித்திருப்பார்கள். பிடியின் முடிவில் பல்லை இளிக்கும் பூதமுகம் செதுக்கியிருக்கும். லூசோனில் ஸ்பானிய வாள்களின் சாயல் கலந்து, விரல்களைக் காக்கும் வளைந்த பித்தளைக் கைகாப்பும் எருமைக்கொம்புப் பிடியும் வருகின்றன. மலைநாட்டுக் கலிங்கா, பொந்தொக் மக்களிடம் வாளுக்குப் பதில் பின்புறம் முள் நீண்ட தலைக்கோடரி. இத்தனைக்கும் அடியில், தீவுகள் முழுவதும் பொதுவாக, போலோ என்னும் வேலைக் கத்தி: தேங்காய் வெட்ட, புதர் கழிக்க, விறகு பிளக்க, வேண்டும்போது ஆளையும் வெட்ட. குடும்பக் கதைகளில் ‘மோரோ வாள்’ என்று பெயர் பெற்றவற்றில் முஸ்லிம் தெற்கோடு ஒட்டுறவே இல்லாத விசாயா, லூசோன் போலோக்கள் ஏராளம்.

ஊரைப் பிடித்த பின் காலத்தைப் பிடிக்க வேண்டும். அதற்குக் கிரிஸ் மிகச் சிறந்த பாடநூல். தெற்கில் கலிஸ் என்றும் சொல்வார்கள். மலாய், ஜாவா நாட்டுக் கிரிஸ் குத்துவதற்கானது. மோரோ கிரிஸ் நீண்டு கனத்து வெட்டவும் பயன்படுவது. அலை அலையாக வளைந்ததும் உண்டு, நேரானதும் உண்டு, பாதி வளைந்து பாதி நேரானதும் உண்டு. பிடிக்கு அருகே அலகு அகலும் இடத்தில் குறுக்காக ஒரு துண்டு இருக்கும், கங்யா என்று பெயர். பழைய வாள்களில் இது தனியாக அடித்துப் பொருத்திய இரும்பு. அலகோடு அது சேரும் கோடு ஏறக்குறைய நேராக ஓடினால் வாள் பழையது. ஓரத்தில் சாய்ந்து மடங்கினால் 19-ஆம் நூற்றாண்டோ அதற்குப் பிந்தியதோ. துண்டே இல்லாமல் ஒரே அலகில் கோடு மட்டும் கீறியிருந்தால் 20-ஆம் நூற்றாண்டின் வேலை. ராபர்ட் கேட்டோ 1996-இல் சிங்கப்பூரில் வெளியிட்ட ‘மோரோ ஸ்வோர்ட்ஸ்’ நூலுக்குப் பின் இந்த அளவுகோல் பரவலாகக் கைக்கொள்ளப்படுகிறது. இதன் அழகு, ஏமாற்றுவதற்குக் கடினமான இடத்தில் இது கைவைக்கிறது என்பதுதான். அலையின் எண்ணிக்கையையும் வெள்ளிப் பூணையும் எவரும் நகலெடுக்கலாம். இரண்டு இரும்புகளை அணுவிடை தெரியாமல் பொருத்தும் உழைப்பை, யாரும் உற்றுப் பார்க்காத மூட்டில், விற்பனைக்குச் செய்கிற பட்டறை செலவிடாது. கங்யா அசையாமல் அலகையும் பிடியையும் பிணைக்கும் ‘அசங்-அசங்’ என்னும் உலோகப் பட்டைகளும் அப்படித்தான். வாள் உண்மையில் வீசப்படும் என்று எண்ணியவனே அவற்றை அழுத்தமாக அமைப்பான்.

இரண்டாம் உலகப்போர்க் கால வாள்களுக்கு வேறு அடையாளங்கள். ஜப்பானிய ஆக்கிரமிப்பில் கெரில்லாக்கள் போலோவோடு காட்டில் இருந்தார்கள்; இரும்பு தட்டுப்பாடான காலம்; கொல்லர்கள் பழுதான வண்டிகளின் ஸ்பிரிங் பட்டையை உலையில் போட்டார்கள். அமெரிக்கப் படை திரும்பி வந்ததும் அதே உலைகள் சிப்பாய்களுக்காக வேலை செய்தன. அலகில் ‘லேத்தே 1944’ என்றோ ‘பிலிப்பைன்ஸ் 1945’ என்றோ எழுத்து, பிடியில் அலுமினியப் பூண், சிலவற்றில் விமானக் கண்ணாடியாக இருந்த பிளெக்சிகிளாஸ். ஜீப் வண்டி 1941-க்கு முன் பெருமளவில் உற்பத்தியாகவில்லை. ஆகவே ஜீப் பட்டை என்று உறுதியாகத் தெரியும் அலகு ஸ்பானியப் போருக்குப் போயிருக்க முடியாது. ஆனால் எதிர்த்திசையில் இந்தத் தர்க்கம் ஓடாது என்பதைக் கவனிக்க வேண்டும். அலகில் பொறித்த ஆண்டு பொறித்தவனுடைய ஆண்டு மட்டுமே; அறுபது வருடப் பழைய அலகில் 1945 என்று வெட்டிக் கொடுக்கக் கொல்லனுக்குப் பத்து நிமிடம் போதும். புதுப் பிடியில் பழைய அலகு, பழைய உறையில் புது அலகு, ஓர் ஊர் வாளுக்கு வேற்றூர் உறை, இவையெல்லாம் சகஜம். ஒரே வாளுக்கு ஒரே பிறந்தநாள் கேட்பது தவறான கேள்வி.

அமெரிக்கச் சரக்கே பிலிப்பைன்ஸ் வாளாக வேடமிடுவதும் உண்டு. தீவுகளில் போலோவின் பயனைக் கண்ட அமெரிக்க ராணுவம் தானே போலோ செய்துகொண்டது: 1909 மாதிரி ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச் சாலையில் உருவானது, 1917 மாதிரியைப் பிலடெல்பியாவின் பிளம்ப் நிறுவனமும் மற்றவர்களும் அடித்துத் தள்ளினார்கள். அலகிலேயே முத்திரையும் ஆண்டும் இருக்கும். துருவுக்கு அடியில் அந்த எழுத்தைத் தேடாதவர்கள் பிலடெல்பியாக் கத்தியைப் புரட்சியாளனின் கத்தியாக்கிவிடலாம்.

இந்த முறைக்கு எதிராகச் சொல்லப்படுவனவற்றில் முதலாவது நியாயமானது. குடும்ப நினைவும் சான்றுதானே, எழுத்தில் இல்லை என்பதற்காகத் தள்ளிவிடலாமா? வாய்மொழி வரலாற்றை மதிக்கும் எவரும் இதைக் கேட்பார்கள். தள்ளச் சொல்லவில்லை. நினைவு எவ்வளவு தூரம் நிகழ்ச்சிக்குப் பக்கத்தில் நிற்கிறது என்று அளக்கச் சொல்கிறேன். 1902-இல் வீட்டுக்கு எழுதிய கடிதம், உறையில் அப்போதே ஒட்டிய தாள், சிப்பாயின் படைப்பிரிவும் அது நின்ற ஊர்களும் பதிவான ஆவணம், இவை உயர்ந்த சான்றுகள். வாளோடு அவை முரண்பட்டால்கூட உடனே யாரையும் பொய்யர் என்றுவிட முடியாது. சாமார் தீவில் பணியாற்றியவர் வீட்டில் சுலுவின் பாரோங் இருந்தால், அவர் சம்போவாங்கா துறைமுகத்தில் இறங்கியபோது வாங்கியிருக்கலாம், தோழனிடம் சீட்டாட்டத்தில் வென்றிருக்கலாம். சாமாரில் ஒரு மோரோவைக் கொன்று எடுத்தார் என்ற கதை மட்டும் அங்கே நிற்காது. வாளையும் ஆவணத்தையும் பக்கத்தில் வைத்த பின் எஞ்சும் கதை சிறியதாக இருக்கும், ஆனால் கெட்டியாக இருக்கும்.

இரண்டாவது மறுப்பு கூர்மையானது. வடிவத்தை வைத்து ஊரைச் சொல்கிறீர்களே, பொருள்கள் சந்தைக்குச் சந்தை நடக்காதா? நடக்கும். ஆல்பர்ட் ஜெங்க்ஸ் 1905-இல் வெளியிட்ட பொந்தொக் மக்கள் பற்றிய ஆய்விலேயே இது தெரிகிறது: பொந்தொக் ஆண்கள் ஏந்திய ஈட்டி அலகுகள் பாலிவாங் என்னும் கொல்லர் ஊரிலிருந்தும், தலைக்கோடரிகள் வடக்கே வேறு ஊர்களிலிருந்தும் வந்தன. பயன்படுத்தியவர் ஊர் வேறு, செய்தவர் ஊர் வேறு. இதனால்தான் வடிவம் ஒன்றை மட்டும் நம்பக்கூடாது. கூரின் சரிவு, அலகின் வால் பிடிக்குள் செருகி ஒட்டப்பட்ட விதம், பூணின் உலோகம், பிடி மரம், உறையைக் கட்டிய பிரம்புப் பின்னல், செதுக்கலின் கோடு என ஒன்றை ஒன்று சாராத அடையாளங்கள் நாலைந்து ஒரே ஊரைக் காட்டினால்தான் வாய் திறக்கலாம். மாறுபட்டுக் காட்டினால் அதுவும் செய்திதான்: அங்கே ஒரு வணிகப் பாதை இருந்திருக்கிறது.

இந்த மறுப்பின் நிழலில் ஆராய்ச்சியாளர்கள் அதிகம் பேசாத ஒரு சிக்கல் இருக்கிறது. பெயர்களுக்கும் வகைகளுக்கும் எல்லோரும் நீண்டகாலம் நம்பிய நூல், அமெரிக்கத் தேசிய அருங்காட்சியகத்தின் பிலிப்பைன்ஸ் ஆயுதங்களைப் பற்றி ஹெர்பர்ட் கிரீகர் 1926-இல் எழுதிய பட்டியல். அதற்கு எட்டாண்டுகள் கழித்து வந்த ஜார்ஜ் கேமரன் ஸ்டோனின் ஆயுத அகராதி இன்னும் பரவலாகப் போயிற்று. கிரீகர் முன் இருந்த பொருள்களைத் தந்தவர்கள் யார்? ராணுவ அதிகாரிகள், ராணுவ மருத்துவர்கள், நிர்வாகிகள். அவர்கள் சொன்ன ஊரும் பெயரும் அட்டையில் ஏறி, அட்டை பட்டியலாகி, அந்தப் பட்டியலைக் காட்டி இன்று இன்னொரு சிப்பாயின் வாளுக்குப் பெயர் சூட்டுகிறோம். சிப்பாய் சொன்னதைச் சிப்பாய் சொன்னதால் நிரூபிக்கும் வட்டம் இது. கிரீகரின் உழைப்பைக் குறைத்துச் சொல்லவில்லை. அவருடைய படங்களுக்கு மதிப்பு குறையாது. ஆனால் வட்டத்துக்கு வெளியே போகும் வழி, லானாவ் ஏரிக்கரையில் இன்றும் பித்தளை வார்த்து மரம் செதுக்கும் துகாயா போன்ற ஊர்களில் கைவினைஞர் வழங்கும் சொற்களைக் கேட்பதுதான். ஒரே கத்திக்கு இரண்டு தீவுகளில் இரண்டு பெயரும், ஒரே பெயருக்கு இரண்டு தீவுகளில் இரண்டு கத்தியும் இருக்கும். ஏலப் பட்டியலுக்கு இது தொல்லை. வரலாற்றுக்கு இதுதான் செல்வம்.

பெயர் சூட்டும் அவசரம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு 1521 ஏப்ரல் 27 ஒரு சான்று. மக்டான் கரையில் கடலோடி மெகல்லன் கொல்லப்பட்டதை நேரில் கண்டு எழுதிய பிகாஃபெத்தா, அவருடைய இடது காலை வெட்டியது வளைவாளை ஒத்த, ஆனால் அதைவிடப் பெரிய ஒரு வெட்டுவாள் என்கிறார். அந்த இடத்தில் அதற்கு உள்ளூர்ப் பெயர் எதையும் அவர் தரவில்லை. ஆனாலும் அது கம்பிலான்தான் என்று பாடப்புத்தகத் தொனியில் சொல்பவர்கள் ஏராளம். இருக்கலாம், கம்பிலான் பெரியது, பொருந்துகிறது. பொருந்துவது வேறு, நிறுவப்பட்டது வேறு.

கையில் வாள் வைத்திருப்பவர்கள் செய்யும் பெரிய அழிவு சுத்தம் செய்வது. மின்சாணையில் பளபளப்பாக்கிய அலகில் சம்மட்டியின் தடமும் பழைய கீறலும் போய்விடும்; அடுக்கடுக்காக இரும்பும் எஃகும் சேர்த்து அடித்திருந்தால் தெரியும் நீரோட்டம் போன்ற வரிகள் மங்கிவிடும். துருவையும் எண்ணெய்ப் பிசுக்கையும் மட்டும் மெல்ல எடுத்தால் போதும். உறையில் ஒட்டியிருக்கும் அழுக்குத் தாள் வாளைவிட மதிப்புள்ளதாக இருக்கலாம். அதைக் கிழித்தெறிந்துவிட்டு நிபுணரைத் தேடிப் பயனில்லை.

மறுபக்கம், இதெல்லாம் எதற்கு, பழைய இரும்புதானே என்பவர்களுக்குச் சாமார் தீவின் பலாங்கிகாவைச் சொல்லலாம். 1901 செப்டம்பர் 28 காலை, ஊர் மக்கள் போலோக்களோடு பாய்ந்ததில் அமெரிக்க 9-ஆம் காலாட்படையின் ஒரு கம்பெனி ஏறத்தாழ அழிந்தது. 48 பேர் இறந்தார்கள். பதிலுக்கு ஜெனரல் ஜேக்கப் ஸ்மித்தின் ஆணையின்கீழ் சாமார் எரிந்தது, தேவாலயத்தின் மணிகள் மூன்றும் போர்ப்பரிசாகப் போயின. இரண்டு வயோமிங் மாநிலத்திலும் ஒன்று கொரியாவில் இருந்த அமெரிக்க முகாமிலும் தங்கின. அவை எந்த ஊருடையவை என்பதில் யாருக்கும் ஐயமில்லை, எடுத்துப் போனவர்களின் ஆவணங்களிலேயே பதிவிருந்தது. இருந்தும் திரும்பி வர 2018 டிசம்பர் ஆயிற்று, 117 ஆண்டுகள். அதே காலையில் அந்த ஊர்க்காரர்கள் ஏந்திய போலோக்களில் எழுத்து இல்லை. அவற்றில் சில எங்கோ ஒரு சுவரில் ‘மோரோ வாள்’ என்ற பெயரோடு தொங்கிக்கொண்டிருக்கக்கூடும். அருங்காட்சியக அட்டைகளில் கொண்டுவந்தவர் பெயருக்கு ஒரு கட்டமும் செய்தவர் பெயருக்கு ஒரு கட்டமும் உண்டு. இரண்டாவது கட்டம் பெரும்பாலும் காலியாகத்தான் இருக்கிறது.